ஒரு கிலோவில் எத்தனை காய்?

பதினொன்றாம் வகுப்பில் மோல் பாடம் தொடங்கும் நாளில், அக்கறையுள்ள ஆசிரியர்கள் ஒரு கிண்ணம் பச்சைப்பயறோடு வகுப்புக்கு வருவார்கள். நூறு பயறை எண்ணித் தராசில் வைக்கச் சொல்வார்கள். கிண்ணத்தில் உள்ள மொத்தத்தையும் நிறுக்கச் சொல்வார்கள். இரண்டையும் வகுத்தால் கிண்ணத்தில் எத்தனை பயறு என்று தெரிந்துவிடும். அணுக்களையும் இப்படித்தான் எண்ணுகிறோம் என்று சொல்லி, கரும்பலகையில் 6.022 × 10²³ என்று எழுதி, அடுத்த கணக்குக்குப் போவார்கள்.

நல்ல பாடம்தான். பல நாடுகளின் வேதியியல் வகுப்புகளில் பீன்ஸ், அரிசி, ஆணி, நாணயம் என்று பொருளை மட்டும் மாற்றி இதைச் செய்கிறார்கள். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று எல்லா இடத்திலும் விட்டுப்போகிறது. எடை எப்போது எண்ணிக்கைக்குப் பதிலாக நிற்கும், எப்போது நிற்காது? பாடநூல் இதை ஒரு வகுத்தல் கணக்காக முடித்துக்கொள்கிறது. தேனி மாவட்டத்தில் ஏலக்காய் வாங்குகிறவரும், விதைநெல் வைத்திருப்பவரும், திராட்சைக்கு மருந்து கலக்குகிறவரும் வகுத்தலோடு நிற்பதில்லை. தராசைத் தொடும் முன்பே அவர்கள் செய்துகொள்ளும் வேலை ஒன்று உண்டு. அந்த வேலைதான் வேதியியலின் உயிர்நாடி என்பது என் கட்சி. இந்தக் கட்டுரை அதை நோக்கித்தான் போகிறது.

முதலில் தராசைப் பார்ப்போம். பள்ளிகளில் கிடைக்கும் சாதாரண மின்தராசு 0.1 கிராம் வரைதான் காட்டும். ஒரு பச்சைப்பயறு ஏறக்குறைய 35 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பயறை மட்டும் நிறுத்தால் உண்மை எடை 0.35 கிராம், தராசு 0.3 என்றும் காட்டலாம், 0.4 என்றும் காட்டலாம். முதல் மாணவி ஒரு கிலோவுக்கு 33,333 பயறு என்று எழுதுவாள். அவளுக்குப் பக்கத்தில் இருப்பவள் 25,000 என்று எழுதுவாள். இருவர் கணக்கிலும் பிழையில்லை. நூறு பயறை நிறுத்தால் இந்தத் தகராறு பெருமளவு தீர்ந்துவிடும். 3.5 கிராம் என்று காட்டும் தராசின் பின்னால் 3.45-இலிருந்து 3.55 வரை எதுவும் இருக்கலாம். ஒரு கிலோவுக்கான எண்ணிக்கை சுமார் 28,200-க்கும் 29,000-க்கும் இடையில் அடங்கிவிடும்.

தராசுக்கு அப்பால், பயறுக்குப் பயறு உள்ள வேறுபாடு இருக்கிறது. நகைக்கடையில் கல்லை நிறுக்கும் கேரட் அளவுக்கு மூலமான கரோப் விதை எல்லாம் ஒரே எடையில் இருக்கும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த விதைகளை நிறுத்துப் பார்த்துவிட்டு, மற்றத் தாவர விதைகளைப் போலத்தான் இவையும் கூடிக் குறைகின்றன என்று சொன்னது. விதைக்கு விதை 20 சதவீத அளவுக்கு விலகல் இருப்பதாகக் கொண்டால், பத்து விதையின் சராசரியில் 6 சதவீதப் பிழை எதிர்பார்க்கலாம்; நூறு விதையில் 2 சதவீதம்; நானூறில் 1 சதவீதம். எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினால்தான் பிழை பாதியாகும். அதாவது, நூறு பயறை எண்ணிய மாணவர் ஒரு கிலோவில் 28,571 பயறு என்று எழுதினால், கடைசி மூன்று இலக்கத்துக்கும் ஆதாரமில்லை. 28,600, கூடக் குறைய 600 என்று எழுதுவதே நேர்மையான விடை. நம் செய்முறைக் குறிப்பேடுகளில் இந்தக் கூடக் குறைய என்ற சொல்லை நான் அதிகம் கண்டதில்லை. கால்குலேட்டர் எத்தனை இலக்கம் காட்டுகிறதோ அத்தனையும் எழுதினால்தான் மதிப்பெண் என்ற பயம் மாணவர்களுக்கு இருக்கிறது.

சராசரி எடுத்துச் சரிசெய்ய முடியாத பிழை வேறு. எண்ணுகிற விரல் பருத்த பயறையே பொறுக்கும். மூட்டையைக் குலுக்கினால் சின்னது அடியில் இறங்கிவிடும். மேலே இருந்து அள்ளிய நூறும் அடியிலிருந்து அள்ளிய நூறும் ஒன்றாக இராது. ஆயிரம் பயறை எண்ணினாலும், எல்லாம் மேலாக அள்ளியதென்றால் பிழை அப்படியே நிற்கும். மூட்டையின் வயிற்றில் குத்தூசியைச் செருகி மாதிரி எடுக்கும் வியாபாரிக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி வயலுக்குப் போகலாம். பெரியாறு அணைத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் இறங்கி, பழனிசெட்டிபட்டி வரை கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது. அரசு ஆணைகளில் அந்தப் பரப்பு 14,707 ஏக்கர் என்று வரும். உத்தமபாளையம், போடி, தேனி என்று மூன்று வட்டங்கள். இங்கே முதல் போகத்துக்கு நாற்றங்கால் போடும்போது, ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை என்ற கேள்வி உண்மையில் எத்தனை விதை என்ற கேள்விதான். திருந்திய நெல் சாகுபடியில் 25 செ.மீ.க்கு 25 செ.மீ. இடைவெளி விட்டு, குத்துக்கு ஒரே நாற்று நடச் சொல்கிறார்கள். சதுர மீட்டருக்கு 16 குத்து. ஏக்கருக்கு ஏறக்குறைய 64,750. ஒரு நெல்மணி 20 மில்லிகிராம் என்றால், ஏக்கருக்குத் தேவையான விதை 1.3 கிலோதான். முளைக்காதது, நாற்றங்காலில் கழிவது எல்லாவற்றுக்கும் இடம் விட்டு 2 முதல் 3 கிலோ என்று பரிந்துரைக்கிறார்கள். குறுகிய கால ரகங்களின் வழக்கமான நடவுக்குச் சொல்லப்படும் அளவு ஏக்கருக்குச் சுமார் 24 கிலோ. இருபோக நிலம் முழுவதையும் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14,707 ஏக்கருக்கும் 95 கோடிக் குத்து. ஒன்றுக்கு ஒரு விதை என்றால் 19 டன் நெல். வழக்கமான அளவில் 353 டன். இடையிலுள்ள தூரத்தை எடையில் சொன்னால் விதைச் செலவாகத் தெரிகிறது. எண்ணிக்கையில் சொன்னால்தான் எத்தனை உயிருள்ள விதைகள் நாற்றங்காலிலும் சேற்றிலும் முடிந்துபோகின்றன என்பது புரிகிறது.

விதை ஆய்வுக்கூடங்களில் ஆயிரம் மணி எடை என்பது அன்றாட அளவு. சன்ன ரக நெல்லில் அது 15 கிராமைச் சுற்றி இருக்கும். மோட்டா ரகங்களில் 25 கிராமைத் தொடும். ஆகவே ஒரு கிலோ சன்ன நெல்லும் ஒரு கிலோ மோட்டா நெல்லும் எடையில் ஒன்று, விதையில் ஒன்றல்ல. ஏறக்குறைய 67,000-க்கும் 40,000-க்கும் உள்ள வேறுபாடு அது. 1924-இல் தொடங்கப்பட்ட சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கத்தின் விதி நம் வகுப்பறைக்கு அப்படியே எடுத்துவரத் தக்கது. நூறு நூறாக எட்டு முறை எண்ணி, எட்டையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். எட்டு எடைகளுக்குள் உள்ள சிதறல் 4 சதவீதத்தைத் தாண்டினால் அந்தச் சராசரி செல்லாது. மறுபடி எண்ண வேண்டும். சராசரியைத் தருவதோடு, அந்தச் சராசரியை நம்பலாமா என்பதற்கும் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். விதைத் தூய்மை பார்க்க எடுக்கும் மாதிரியில் குறைந்தது 2,500 விதை இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அந்த 2,500-ஐ யாரும் எண்ணிப் போடுவதில்லை. எடை போட்டே எடுக்கிறார்கள்.

இதற்கெல்லாம் முன்பு பதரைப் போக்க வேண்டும். உப்புக் கரைசலில் முட்டை மிதக்கும் பதம் வந்ததும் விதைநெல்லைக் கொட்டி, மேலே மிதப்பதை அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் கழுவி விதைக்கிற பழக்கம் உண்டு. எடைக்குள் ஒளிந்திருக்கும் வெற்று எண்ணிக்கையைத் தராசு காட்டாது. அதற்கு உப்புத் தண்ணீர் வேண்டும்.

நம் பழைய கணக்கு நூல்கள் எடையைத் தொடாமல், முகத்தல் அளவைக்கே எண்ணிக்கை சொன்னவை. 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. பெருக்கினால் நாழிக்கு 14,400 நெல். இது ஒருவர் உட்கார்ந்து எண்ணியதா, வாய்ப்பாட்டுக்கு வசதியாக அமைந்ததா? 360-இல் தொடங்குவதைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. ஆனாலும் சோதித்துப் பார்க்கலாம். மணிக்கு 20 மில்லிகிராம் என்றால் 14,400 நெல் 288 கிராம். கொட்டிய நெல் லிட்டருக்கு 570 கிராம் அளவில் இருக்கும் என்பதால், அந்த நாழி ஏறக்குறைய அரை லிட்டர் ஆகிறது. நாழியைப் படி என்றும் சொல்வதுண்டு; ஆனால் பிற்காலத்தில் புழங்கிய சென்னைப் பட்டணப் படியோடு இது பொருந்தாது. அது ஒன்றரை லிட்டருக்கும் மேல். படி ஊருக்கு ஊர் வேறாக இருந்ததுதான் இதற்குள் இருக்கும் சிக்கல். ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து இந்த ஒரு வாய்ப்பாட்டை ஆராயலாம். கணக்கு, வரலாறு, வேதியியல் மூன்றும் வரும்.

ஏலக்காய்க்கு வருகிறேன். இந்த மாவட்டத்தில் நம் கேள்விக்கு மிகச் சரியான பதில் போடிநாயக்கனூரில்தான் இருக்கிறது. காய் விளைவது பெரும்பாலும் மேலே இடுக்கி மாவட்டத்து ஏலமலையில். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகத் தினமும் ஜீப்பில் வேலைக்கு ஏறி இறங்குகிறவர்கள் கீழே இருக்கிறார்கள். மசாலாப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் நடக்கிறது. லாட்டுக்கு லாட் மாதிரி வைக்கிறார்கள். வாங்குகிறவர்கள் பார்த்து, உடைத்து, முகர்ந்து விலை சொல்கிறார்கள்.

காய் விற்பது கிலோக் கணக்கில்தான். ஆனால் கிலோ ஒன்றை மட்டும் கேட்டு யாரும் காய் வாங்குவதில்லை. எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பார்கள். லிட்டர் வெயிட் என்ன என்று கேட்பார்கள். அக்மார்க் வரையறையிலேயே இரண்டும் இருக்கின்றன. ஆலப்புழை பச்சை எக்ஸ்ட்ரா போல்டு என்ற தரத்துக்குக் காய் 7 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்க வேண்டும்; ஒரு லிட்டர் காய் குறைந்தது 435 கிராம் இருக்க வேண்டும். போல்டு என்றால் 6 மில்லிமீட்டர், 415 கிராம். சுப்பீரியர் என்றால் 5 மில்லிமீட்டர், 385 கிராம்.

இந்த இரண்டு எண்களும் என்ன வேலை செய்கின்றன என்று பாருங்கள். சல்லடை காயின் உருவத்தை ஒன்றாக்குகிறது. அதைத் தாண்டியும் காய்க்குள் அரிசி நிறைந்திருக்கிறதா, இளங்காயாகப் பறித்ததா, வெடித்துக் கொட்டிவிட்டதா என்று சல்லடைக்குத் தெரியாது. லிட்டர் வெயிட் அதைச் சொல்லிவிடும். ஒரே அளவுக் காய்கள் ஒரு லிட்டர் பாத்திரத்தில் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் அடங்கும். எண்ணிக்கை மாறாமல் எடை மட்டும் குறைந்தால், காய் உள்ளே காலி. எண்ணிக்கையை அளவால் கட்டிப்போட்டுவிட்டு, எடையைக் கொண்டு தனிக்காயின் தரத்தை அறிகிறார்கள். வகுப்பறைப் பயறுப் பாடம் தனிப்பொருளின் எடையிலிருந்து எண்ணிக்கைக்குப் போகிறது. போடிக்காரர் எண்ணிக்கையை நிலைநிறுத்தி அதே சமன்பாட்டை எதிர்த் திசையில் ஓட்டுகிறார். நூறு காய் 22 கிராம் என்று கொண்டால், 435 கிராம் லிட்டரில் சுமார் 1,980 காய் இருக்கும். கிலோவில் 4,500 சொச்சம். இந்தக் கணக்கை அவர் போடுவதில்லை, போடத் தேவையும் இல்லை. இதைப் போடுவதற்கு வேண்டிய நிபந்தனைகளை மட்டும் நிறைவேற்றிவிட்டுத்தான் தராசுக்கு வருகிறார்.

ஈரம் என்ற இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஐந்து கிலோ பச்சைக்காய், காயை உலர்த்தும் ஸ்டோரில் ஒரு நாளுக்கு மேல் சூடேறி வெளியே வரும்போது ஏறக்குறைய ஒரு கிலோ ஆகிறது. காய் ஒன்றுகூடக் குறையவில்லை. எடையில் ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. பச்சைக்காயின் சராசரியை வைத்து உலர்ந்த மூட்டையை எண்ணினால், விடை ஐந்தில் ஒரு பங்காகத்தான் வரும். இது யாரும் செய்யாத முட்டாள்தனம் என்று நினைப்பவர்கள், மயில்துத்தத்தைப் பற்றிக் கீழே சொல்வதையும் படிக்க வேண்டும்.

நாணயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அச்சில் அடித்த காசு விதையைப் போல் வேறுபடாது. எடை போட்டு எண்ணுவதற்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. ஆனால் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழாவைப் போன்ற கூட்டம் சேரும் இடங்களில் உண்டியலில் விழும் காசு ஒரே அச்சில் வராது. 1990-களின் எஃகு ஒரு ரூபாய் 4.85 கிராம், 2011 வரிசையின் ஒரு ரூபாய் 3.79 கிராம், 2019 வரிசையில் 3.09 கிராம். இதில் வேடிக்கை, 2011 வரிசையின் இரண்டு ரூபாயும் 4.85 கிராம்தான். பிரிக்காமல் கொட்டி நிறுத்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. பிரித்துவிட்டால் தராசே எண்ணிவிடும்.

தங்கத்தில் வழி தலைகீழ். விதையை எண்ணி எடையைக் கண்டார்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. விதைக்கு விதை வேறுபடும் என்பது சோழர் கால அதிகாரிகளுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. முதலாம் ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், பொன் ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது என்று வருகிறது. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்ற பெயர்கள் அப்படியே இருக்க, அளவு மட்டும் விதையிலிருந்து கல்லுக்குப் போய்விட்டது. அதே கல்வெட்டுகள் முத்துகளைப் பற்றிப் பேசும்போது எண்ணிக்கையையும் எடையையும் சேர்த்தே பதிகின்றன. நல்ல முத்தை எடுத்துவிட்டு இரண்டு சின்ன முத்தைப் போட்டு எடையைச் சரிக்கட்டினால், எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது அணுவுக்குப் போகலாம். அணுக்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பவை, பயறுதான் ஒழுங்கில்லாதது, ஆகவே வகுப்பறைச் சோதனையின் பிழைகள் வேதியியலைத் தொடாது என்று பலர் நினைக்கிறார்கள். பாடநூலே இதை மறுக்கிறது. குளோரினின் ஒப்பு அணு நிறை 35.45. அந்த நிறையுள்ள குளோரின் அணு உலகத்தில் ஒன்றுகூட இல்லை. நான்கில் மூன்று பங்குக்குச் சற்று அதிகமானவை குளோரின்-35, மீதி குளோரின்-37. 35.45 என்பது கலப்பு மூட்டையின் சராசரி. அணுவுக்கு அணு உள்ள விலகல் 2.4 சதவீத அளவுக்கு வரும். ஆனால் கையில் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பில் கூட 10²⁰ அணுக்கள் இருப்பதால், சராசரியின் பிழை ஒரு லட்சம் கோடியில் இரண்டு, மூன்று பங்குதான். நூறு பயறுக்குக் கிடைக்காத பாதுகாப்பு அணுக்களுக்குக் கூட்டத்தின் அளவினாலேயே கிடைக்கிறது. வேதியியலில் எடைபோட்டு எண்ணுவது ஏன் இவ்வளவு சிறப்பாக வேலை செய்கிறது என்பதற்கு உண்மையான காரணம் இதுதான். இதை வகுப்பில் சொல்லாமல் விடுவது பெரிய குறை.

கூட்டம் எவ்வளவு பெரிதானாலும், மூட்டையே வேறு ரகமென்றால் சராசரி தவறும். இதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரெடெரிக் சாடி இலங்கையில் கிடைத்த தோரைட் கனிமத்திலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுத்தார். சாதாரண ஈயத்தின் அணு நிறை 207.2. இலங்கை ஈயம் அதைவிடக் கனமாக, 207.7 அளவில் இருந்தது. யுரேனியக் கனிமங்களிலிருந்து எடுத்த ஈயமோ 206-ஐ ஒட்டி இலேசாக இருந்தது. தோரியம் சிதைந்தால் ஈயம்-208 வரும், யுரேனியம் சிதைந்தால் பெரும்பாலும் ஈயம்-206 வரும் என்பது அப்போதுதான் உறுதிப்பட்டது. மூன்றும் ஈயம்தான், வேதிப் பண்பில் வேறுபாடு காண முடியாது, ஒரு கிலோவில் உள்ள எண்ணிக்கை மட்டும் வேறு. 1919-இல் ஆஸ்டன் அமைத்த நிறை நிறமாலைக் கருவி, போடிச் சல்லடை காயைப் பிரிப்பதுபோல அணுக்களை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டியது. 1922-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அவகாட்ரோ எண்ணின் கதையிலும் பிரித்தெடுப்பதுதான் முதல் படி. எடையை வகுத்து எண்ணிக்கை காண்பதற்குத் தனிப்பொருளின் எடை தெரிய வேண்டும். நூறு பயறை எண்ணுவதுபோல் நூறு அணுவை எண்ணித் தராசில் வைக்க முடியாது. எங்காவது ஓரிடத்தில் நேரடியாக எண்ணியாக வேண்டும். ழான் பெரென் 1908-ஐ ஒட்டி அதைச் செய்தார். கார்சினியா மரத்தின் மஞ்சள் பிசினைத் தண்ணீரில் கரைத்து, அதில் மிதக்கும் நுண்ணிய உருண்டைகளை நுண்ணோக்கியில் வெவ்வேறு உயரத்தில் எண்ணினார். மேலே போகப் போக உருண்டைகள் அருகும் விதத்திலிருந்து அவகாட்ரோ எண்ணைக் கணித்தார். (குமுளி மலையில் விளையும் குடம்புளியும் கார்சினியாவின் வகையே.) ஆனால் எண்ணுவதற்கு முன், ஒரு கிலோ பிசினை எடுத்துக்கொண்டு, மையவிலக்கியில் திரும்பத் திரும்பச் சுழற்றி, மாதக்கணக்கில் உழைத்து, ஒரே அளவு உருண்டைகளாக ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் பிரித்தெடுத்தார். மற்றதெல்லாம் கழிவு. ஒரே அளவான உருண்டைகள் கைக்கு வராமல் அவர் எண்ணத் தொடங்கவில்லை. பின்னாளில் சிலிக்கான்-28 மட்டுமே செறிந்த, ஒரு கிலோ எடையுள்ள, 94 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த விட்டமுள்ள கோளங்களைச் செய்து, படிகத்தின் அணு இடைவெளியை எக்ஸ் கதிரால் அளந்து எண்ணினார்கள். அங்கும் முதலில் ரகத்தை ஒன்றாக்கினார்கள். 2019 மே 20 முதல் மோல் என்பது 6.02214076 × 10²³ என்ற நிலையான எண்; தராசிலிருந்து அது விடுபட்டுவிட்டது.

மயில்துத்தத்துக்கு வருகிறேன். கம்பத்துப் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் கொடிகளுக்கும், மலைமேல் ஏலச்செடிக்கும் பொதுவான மருந்து ஒன்று உண்டு. 1880-களில் பிரான்சின் போர்டோ திராட்சைத் தோட்டங்களில் மில்லார்டே வகுத்த போர்டோ கலவை. ஒரு சதவீதக் கலவைக்கு 100 லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. எடையில் ஒன்றுக்கு ஒன்று. எண்ணிக்கையில்?

மயில்துத்தம் என்பது செம்பு சல்பேட்டு. படிகத்துக்குள் ஒரு செம்புக்கு ஐந்து தண்ணீர் மூலக்கூறு இருக்கின்றன. மோலார் நிறை 249.7 கிராம். ஒரு கிலோவில் 4 மோல். அந்தக் கிலோவில் 361 கிராம் வெறும் தண்ணீர். செம்பு 254 கிராம்தான். கடையில் வாங்கும் நீலக் கல்லில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் என்பதை மாணவர்கள் எளிதில் நம்ப மாட்டார்கள். சூடாக்கி வெளுப்பாக்கிக் காட்டினால் நம்புவார்கள். இது ஏலக்காய் ஸ்டோரின் வேலையேதான். படிகத்தின் எடையை வைத்துக்கொண்டு, நீரில்லாத உப்பின் 159.6 கிராமால் வகுத்து விடை எழுதும் பிழை தேர்வுத் தாள்களில் சாதாரணம்.

சுண்ணாம்பு இன்னும் சுவையானது. சுட்ட சுண்ணாம்பு என்றால் மோலார் நிறை 56; ஒரு கிலோவில் ஏறக்குறைய 18 மோல். நீற்றிய சுண்ணாம்பு என்றால் 74. ஒரு கிலோவில் 13.5 மோல். அதாவது எடையில் சமமாகப் போட்டாலும், செம்பைவிடச் சுண்ணாம்பு எண்ணிக்கையில் மூன்று, நான்கு மடங்கு அதிகம். பிறகு ஏன் விவசாயி தீட்டிய கத்தியைக் கலவையில் நனைத்துப் பார்க்கிறார்? கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் போடு என்று அர்த்தம். இவ்வளவு மிச்சம் இருந்தும் எப்படிப் போதாமல் போகும்?

சுண்ணாம்பு பழசாகிவிட்டால் போகும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து அது கால்சியம் கார்பனேட்டாக மாறிக்கொண்டே இருக்கும். 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு முழுதும் மாறினால் 100 கிராம் ஆகும். எடை கூடுகிறது, வேலைசெய்யும் சுண்ணாம்பின் எண்ணிக்கை பூஜ்யத்தை நோக்கி இறங்குகிறது. தராசு ஒரு கிலோ என்று உண்மையைத்தான் சொல்கிறது. அந்த உண்மை யாருக்கும் பயன்படாது. கத்தியை நனைப்பது, தராசு சொல்லாததைத் தெரிந்துகொள்ளும் வழி. செம்பு அயனி மிச்சம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கும் சோதனை அது. நம் பாடநூல்களில் இரும்பு ஆணியைச் செம்பு சல்பேட்டுக் கரைசலில் போடும் சோதனை படத்தோடு இருக்கிறது. அதே சோதனைதான் இது. பக்கத்துத் தோட்டத்தில் நடப்பதைத்தான் பாடம் சொல்கிறது என்று யாராவது மாணவருக்குச் சொல்ல வேண்டும்.

மாவட்டத்தில் எடைபோட்டு எண்ண வேண்டிய மிகப் பெரிய மூட்டை ஒன்று காகிதத்தில் இருக்கிறது. போடி மேற்கு மலையில் பொட்டிப்புரத்துக்கு அருகே திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. மக்கள் எதிர்ப்பு, வழக்குகள், மாநில அரசின் மறுப்பு என்று அது இன்றுவரை கட்டப்படவில்லை. அந்த வழக்கைப் பேச இது இடமல்ல. அதன் மையத்தில் வைக்க எண்ணியிருந்தது 50,000 டன் இரும்பு. நியூட்ரினோ எதிலும் அகப்படாமல் போகும் துகள். எத்தனை முறை அகப்படும் என்பது, எதிரே எத்தனை அணுக்கருக்கள் நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. 50,000 டன்னை 55.85 கிராமால் வகுத்து அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் 5.4 × 10³² இரும்பு அணுக்கருக்கள். பதினொன்றாம் வகுப்பு மாணவியே போடக்கூடிய கணக்கு. இரும்புத் தகட்டில் கரியும் மாங்கனீசும் கொஞ்சம் கலந்திருக்குமே என்றால், அந்தப் பிழை மிகச் சிறியது. வானிலிருந்து வரும் நியூட்ரினோக்களின் வரத்தைக் கணிப்பதில் உள்ள நிச்சயமின்மை அதைவிடப் பல மடங்கு பெரியது. எந்தப் பிழையைத் துரத்த வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தெரிவதும் எண்ணத் தெரிவதில் அடக்கம்.

தேனி மாவட்ட வேதியியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பயறுக் கிண்ணத்தை விட்டுவிட வேண்டாம். அதோடு போடியிலிருந்து சல்லடையில் பிரித்த காய் கொஞ்சமும் பிரிக்காத காய் கொஞ்சமும் வாங்கி வாருங்கள். பிரித்ததில் நூறு, பிரிக்காததில் நூறு என்று எட்டெட்டு முறை எண்ணி நிறுக்கச் சொல்லுங்கள். எந்த எட்டு எடைகள் நெருங்கி நிற்கின்றன, எவை சிதறுகின்றன என்று மாணவர்களே சொல்லட்டும். விடையோடு கூடக் குறைய எவ்வளவு என்று எழுதாத குறிப்பேட்டுக்கு முழு மதிப்பெண் போடாதீர்கள். குளோரினின் 35.45-ஐ அன்றே சொல்லிவிடுங்கள், அடுத்த ஆண்டுக்கு வைக்காதீர்கள். முடிந்தால் ஒரு பொட்டலம் பழைய சுண்ணாம்பையும், ஒரு பொட்டலம் புதிய சுண்ணாம்பையும் ஒரே எடையில் வைத்து, இரண்டிலும் எத்தனை மோல் சுண்ணாம்பு இருக்கிறது என்று கேளுங்கள். புதியதற்கு வகுத்து விடை எழுதலாம். பழையதற்கு, தராசை மட்டும் வைத்துக்கொண்டு விடை சொல்ல முடியாது என்று எழுதுகிற மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.